சித்திக்குப் பல் வலித்த சாரல் காலம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு பல்லைப் பற்றி. போன மாதம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளும் தென்காசிக்காரி என்று தெரிந்தது. நான் முதன்முதலில் பல் டாக்டரைப் பார்த்தது ஒன்பது வயதில், குற்றாலத்தில் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அந்தக் காலத்துல குத்தாலத்துல ஏது பல் டாக்டர்? பல்லுன்னா நாவிதர்தான குறடும் கையுமா வருவாரு?"

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் ஒருத்தர் இருந்தார், ஒரே ஒரு சாரலுக்கு. எங்கள் வீட்டிலிருந்து அவரிடம் பல்லைக் காட்டியவள் என் சித்தி. இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அம்மாளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் அது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அங்கே ஒரு மரக் கம்பெனியில் வேலையாக இருந்தார். நாலைந்து மாதமாகக் கடிதம் இல்லை. அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். பங்குனி கழிந்து ஒரு நாள் மத்தியானம் சித்தப்பாவே வந்து வாசலில் நின்றார். தாடியும் எலும்புமாக இருந்தார். மலையும் காடுமாக நடந்தே வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். இருபது வயது இருக்கும். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, இரண்டு காலிலும் கந்தல் துணிக்கட்டு.

"இவ என் வீட்டுக்காரி" என்றார் சித்தப்பா.

கல்யாணம் ஆன சேதியே எங்களுக்கு அதுவரை தெரியாது. அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எதற்கும் சற்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்றைக்கு யோசித்துக்கொண்டே நின்றார். அம்மாதான் பெரிய செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "முதல்ல கால நனைச்சிட்டு உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

இரண்டு வாரத்தில் சித்தப்பாவுக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. "வீடு அமைஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன் மதினி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செங்கோட்டை வழியாக ரயிலேறிப் போனார். சித்தி எங்களோடு இருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலே சொல்: வா, போ, சோறு, தண்ணி. அவளும் சித்தப்பாவும் தங்களுக்குள் பர்மா பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். அவர் போனதும் அந்தப் பாஷையைப் பேச வீட்டில் ஆள் இல்லை.

ஆரம்பத்தில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சித்தி சிரித்த முகம். அம்மா காய் நறுக்கினால் அவள் அரிசி களைவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டே சமைத்து முடித்துவிடுவார்கள். அவளிடம் ஒரு டப்பி இருந்தது. மூங்கிலைப் பின்னி அரக்குப் பூசினது, சிவப்பும் கறுப்புமாக, ஒரு சாண் உயரம். அவ்வளவு தூரம் நடந்ததில் எல்லாவற்றையும் வழியில் போட்டுவிட்டு அதை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே ஒரு சீப்பும் சந்தனக் கட்டை மாதிரி ஒரு துண்டு மரமும் இருக்கும். அந்தக் கட்டையை அம்மாவின் சந்தனக் கல்லில் தேய்த்து இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிக்கொள்வாள். எனக்கும் பூசிவிடுவாள். கிணற்றுத் தண்ணீரில் முகத்தை வைத்தாற்போல் இருக்கும். அப்படியே பள்ளிக்கூடம் போய், டீச்சர் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதும் உண்டு. அந்த டப்பி பிற்பாடு என் கைக்கு வந்தது. நாலு வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. மூடியைத் திறக்கும்போது 'ப்ளுக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை.

கையிலிருந்து கரண்டி விழுந்தாலும், கல் தடுக்கினாலும், சித்தி "அமலே!" என்பாள். அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, நம்ம ஊர் 'லே' இவளுக்கு வந்துட்டு" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

ஆனி பிறந்தது. அப்போதெல்லாம் தென்காசிக் கோபுரம் பிளந்து மொட்டையாக நிற்குமே, அதற்கு மேலே மேற்கில் மேகம் கட்டினால் சாரல் வந்துவிட்டது என்று அர்த்தம். துணி காயாது. விறகு புகையும். அந்த ஈரக் காற்று வீசத் தொடங்கிய வாரத்தில்தான் சித்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

இலையில் சோற்றைப் பிசைவாள், இரண்டு வாய் விழுங்குவாள், எழுந்துவிடுவாள். பிறகு மூலையில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"கன்னத்துல கைய வைக்காத தாயி. வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். சித்தி அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா அடுப்படிக்குத் திரும்பியதும் கை மறுபடி கன்னத்துக்குப் போய்விடும். "த்வா கைத்தே" என்று மெதுவாகச் சொல்வாள்.

"கையா? கைக்கு என்ன?" என்று அம்மா அவளுடைய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். சித்தி எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

நாலு நாள் பார்த்துவிட்டு அப்பா ரங்கூன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார். மூன்றாவது வீட்டுக்காரர். வாலிபத்தில் ரங்கூனில் அரிசிக் கிட்டங்கியில் மூன்று வருஷம் இருந்தவர். அந்த மூன்று வருஷத்தை வைத்து முப்பது வருஷம் பேசியவர். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பர்மா பாஷையில் ஏதோ கேட்டார். சித்தியின் முகம் மலர்ந்தது. வேகவேகமாகப் பேசத் தொடங்கினாள். அண்ணாச்சி பாதியிலேயே தொலைந்துபோனார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தெருவே வாசலில் நிற்கிறது. கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சாப்பாடு இறங்கலையாம். சும்மா 'த்வா, த்வா'ங்கா. த்வான்னா போறது. போகணும்ங்கா. இங்கன இருக்கப் பிடிக்கல."

"போகணுமா? எங்க?" என்று கேட்டார் அப்பா.

"எங்கயாவது. அவ ஊருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். தெரியாதது எவ்வளவு என்று சொல்லாமல் விட்டார். பெரியவர்கள் செய்யும் தப்புகளில் பாதி இந்த வகை என்று எனக்கே வயதான பிறகு புரிந்தது.

அப்பா அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "என் பிள்ள மாதிரி பாத்தனே. ஒரு வார்த்தை கடிஞ்சி சொல்லியிருப்பனா? போகணுமாம்" என்று அடுப்பிடம் பேசினாள். சித்திக்குக் கொடுத்திருந்த சேலைகளைத் துவைத்து, மடித்து, தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தாள். "கொண்டு போறவளுக்குக் கசங்காம இருக்கட்டும்." கதவோரமாக நின்று சித்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனேன். சித்தி துவைகல்லின் பக்கத்தில் குந்தி, ஈரக் கல்லில் ஒரு கன்னத்தை அழுத்திக் கண்ணை மூடியிருந்தாள். கண்ணீர் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. நான் பயந்து, "சித்தி" என்று கூப்பிட்டேன். அவள் எழுந்து என்னைப் பிடித்து இழுத்து, வாயை அகலமாகத் திறந்து, என் விரலை உள்ளே கொண்டுபோனாள். கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறு நெருப்பாகச் சுட்டது.

"எம்மா, சித்திக்குப் பல்லு வலிக்கு! கையி இல்ல, பல்லு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அம்மா சித்தியை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாய்க்குள் பார்த்தாள். கடைவாயில் ஒரு பல் கருகி, அதைச் சுற்றி ஈறு பழுத்திருந்தது. "அடப் பாவி மக்கா, இதோடயா இத்தன நாள் இருந்தா?" என்றாள். கிராம்பு தட்டி வைத்தாள். உப்புப் போட்டு வெந்நீர் கொடுத்தாள். ஆனால் மனசில் இருந்த முள் போகவில்லை. "பல்லும் வலிக்கு, போகவும் நினைக்கா" என்றுதான் அப்பாவிடம் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளில் வீக்கம் வெளியே வந்துவிட்டது. ஒரு பக்கத்துக் கண் பாதி மூடிக்கொண்டது. உடம்பும் சுட்டது. அப்பா நாவிதரை வரவழைத்தார். அவர் குறட்டைத் துணியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்ததும், சித்தி எழுந்து ஓடி மாட்டுத் தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை. அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிந்தது, எந்தப் பெரியவரும் அவள் இடத்தில் நின்று நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வளையல் ராவுத்தர் வந்தார். வருஷம் பூராவும் தெருத்தெருவாகப் போய் வளையல் விற்பவர், சாரல் மாதங்களில் குற்றாலத்தில் கடை போடுவார். அம்மா கையை நீட்டவேயில்லை. வீட்டு நிலைமையைச் சொன்னாள்.

"ஏம்மா, குறடெல்லாம் வேண்டாம். இந்தப் பிள்ளைக்குச் சீழ் பிடிச்சிருக்கு. குத்தாலத்துல என் கடைக்கு அடுத்தாப்ல ஒரு பல் டாக்டர் வந்து இருக்காரு. சீனாக்காரரு. சீசனுக்கு வாறவங்க எல்லாம் அவருகிட்டதான் போறாங்க. கை அவ்வளவு மெத்து. ஆனா தமிழ் தெரியாது. இந்துஸ்தானி பேசுவாரு. நான் பம்பாய்ல இருந்தவன்லா, நான் சொல்லுதேன், நீங்க கூட்டிட்டு வாங்க."

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மா சொன்னாள். அப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யுத்த காலம். ஊருக்குள்ள அவன ஜப்பான்காரன், உளவு பாக்க வந்தவன்ங்காங்க. நான் சர்க்கார் உத்தியோகம். என் வீட்டுப் பொம்பளைங்க அங்கன போய் நின்னா நாளைக்கு ஆபீஸ்ல என்ன கேப்பாங்க?"

"பிள்ளைக்குக் காய்ச்ச அடிக்கி."

"வைத்தியரக் கூப்பிடுதேன். அங்க வேண்டாம்."

அப்பா சொல்லி அம்மா மீறி நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் அப்பா குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, ஓடிப் போய் வண்டிக்காரர வரச் சொல்லு. அருவிக்குக் குளிக்கப் போறோம்னு சொல்லு." சொல்லிக்கொண்டே கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள்.

பெட்டி வண்டியில் மூன்று பேரும் போனோம். மேலகரம் தாண்டும்போது சாரல் வீசியடித்தது. சித்தி தலையிலிருந்து போர்த்திக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் முனகினாள். தகரப் பெட்டி வீட்டில் கட்டி வைத்தபடி இருந்தது. தன்னை எங்கே கொண்டுபோகிறோம் என்று அவள் நினைத்திருப்பாள்? வண்டியில் இருந்த நேரமெல்லாம் என் பாவாடை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்தில் அருவிச் சத்தமும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் கூட்டமும், பலாப்பழ வாசனையும் எப்போதும்போல் இருந்தன. வளையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வாசலில் பலகையில் சிவந்த ஈறோடு முப்பத்திரண்டு பல்லும் வரைந்திருந்தது. உள்ளே ஸ்பிரிட் வாசனையும் கிராம்புத் தைல வாசனையும் வந்தன. தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு இயந்திரம், சாய்வான நாற்காலி, அலமாரியில் சுண்ணாம்பில் செய்த பல் வரிசைகள். டாக்டர் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். வெள்ளைக் கோட்டின் முழங்கையில் பொடித் தையலாக ஒட்டுப் போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் ஒன்றுதான். "வாய் தெற, வாய் தெற" என்றார்.

சித்தி நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒரு பல்லை மெதுவாகத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார். மூன்றாவதைத் தொட்டதும் சித்தி துள்ளி, "அமலே!" என்று கத்தினாள்.

டாக்டரின் கை அப்படியே நின்றது. கண்ணாடியை எடுத்துவிட்டு, சித்தியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பமா லா?"

சித்தி கண்ணைத் திறந்தாள். வீங்கி மூடியிருந்த கண்ணும் திறந்தது. அவர் அதே பர்மா பாஷையில் இன்னும் ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னாள். அதன் பிறகு நிற்கவில்லை. வீங்கின வாயோடு, எச்சில் ஒழுக, அழுதுகொண்டும் இடையில் சிரித்துக்கொண்டும் அவள் பேசிய பேச்சு! எங்கள் வீட்டில் இரண்டரை மாதமாக நாலு சொல்லோடு இருந்தவள் இவள்தானா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். டாக்டரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவராம். அங்கே வைத்திருந்த கடையைக் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, கைப்பெட்டியோடு கப்பலேறியவராம். இதெல்லாம் ராவுத்தர் பிறகு சொன்னது.

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "என்ன ராவுத்தரே, இம்புட்டு நேரமாப் பேசுதா? பல்லப் பத்தியா?"

ராவுத்தர் டாக்டரிடம் இந்துஸ்தானியில் கேட்டார். டாக்டர் அம்மாவைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. ராவுத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரு கேக்காரும்மா. இந்தப் பிள்ள என்ன தப்புப் பண்ணுச்சி, எதுக்கு வீட்ட விட்டு அனுப்புதீங்கன்னு."

"நாங்களா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "அவதான ராவுத்தரே போகணும் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா!"

அது இந்துஸ்தானியாகி, பர்மா பாஷையாகிச் சித்தியிடம் போனது. சித்தி இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். அதே வழியாகத் திரும்பி வந்தது.

"அவ சொல்லவே இல்லையாம். நீங்கதான் எந்நேரமும் 'போ, போ'ங்கீங்களாம். பெட்டியக்கூட அடுக்கி வச்சிட்டீங்களாம்."

"ஐயோ, போய்ப் படுன்னுல்லா சொன்னேன்! போய் உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்னுல்லா சொன்னேன்! அவதான் கன்னத்துல கைய வச்சிக்கிட்டு நாள் பூரா 'த்வா, த்வா'ன்னா. த்வான்னா போறதுன்னு எங்க தெரு அண்ணாச்சி சொன்னாரே!"

'த்வா' என்ற சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டருக்கு நேராகவே கேட்டது. ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து சுண்ணாம்புப் பல் வரிசையை எடுத்து, அதில் ஒரு பல்லை விரலால் தட்டி, "த்வா" என்றார். அடுத்து, இரண்டு விரலைக் கால் மாதிரி மேஜைமேல் நடக்கவிட்டு வாசல் பக்கம் கொண்டுபோய், "த்வா" என்றார்.

ராவுத்தர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ரெண்டுக்கும் அந்தப் பாஷையில ஒரே சொல்லாம்மா! பிள்ள பல்லு வலிக்குன்னு சொல்லியிருக்கா!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து நாற்காலியிடம் போய், சித்தியின் கையை எடுத்து, வீங்கின கன்னத்தில் தானே வைத்தாள். "வச்சிக்கோ தாயி. வலிச்சா வச்சிக்கோ. வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." அதை ராவுத்தர் மொழிபெயர்க்கவில்லை.

அன்று பல்லைப் பிடுங்கவில்லை. சீழை மட்டும் எடுத்துவிட்டு, வீக்கம் வடிந்ததும் ஐந்து நாள் கழித்துக் கூட்டிவரச் சொன்னார். ஒவ்வொன்றையும் செய்யும் முன்னால் சித்தியிடம் சொல்லிவிட்டுச் செய்தார். ஊசியைக் காட்டினார், எங்கே குத்துவேன் என்று காட்டினார். சித்தி தலையாட்டினாள். நாவிதரைக் கண்டு தொழுவத்தில் ஒளிந்தவள், இங்கே தானாக வாயைத் திறந்தாள்.

நாங்கள் வீடு திரும்பியபோது அப்பா சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் கொச்சியிலிருந்து வந்த கடிதம். அம்மா எதையும் மறைக்கவில்லை. வண்டி பிடித்ததிலிருந்து விரல் நடந்தது வரைக்கும் சொன்னாள். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. நான் போனேன். இனிமேயும் போவேன். ஐஞ்சு நாள்ல மறுபடி வரச் சொல்லியிருக்காரு" என்று முடித்தாள்.

அப்பா வழக்கம்போல் யோசித்தார். பிறகு கடிதத்தைப் படித்துக் காட்டினார். 'அவளுக்கு அங்கே இருக்க இஷ்டமில்லையென்றால் நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போய், கல்கத்தாவில் பர்மாக்காரர்கள் இருக்கும் இடத்தில் சேர்த்துவிடுகிறேன். அவ்வளவு தூரம் என்னை நம்பி நடந்து வந்தவள். என்னால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்' என்று சித்தப்பா எழுதியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனார். தந்தி இங்கிலீஷில் அடித்தார். அதன் அர்த்தத்தை வந்து அம்மாவிடம் சொன்னார்: "போவது பல் மட்டுமே. உன் மனைவி இங்கேயே இருக்கிறாள்." அப்பா ஜீவியத்தில் செய்த ஒரே வேடிக்கை அதுதான் என்று அம்மா பின்னால் சொல்வாள். தந்தி குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

ஐந்தாம் நாள் அப்பா லீவு போட்டார். அல்பாகா கோட்டும் தலைப்பாகையுமாக வண்டியில் முன்னால் உட்கார்ந்தார். போகிற வழியில் தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்டால், "தம்பி வீட்டுக்காரிக்குப் பல் வைத்தியம். சீனா டாக்டர்கிட்ட" என்று கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பல்லை எடுத்தபோது அம்மா சித்தியின் தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வாசலில் நின்று பலகையில் இருந்த முப்பத்திரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தார். பீங்கான் தட்டில் 'டிங்' என்று விழுந்தது. மூன்று கால் பல், ஒரு கால் வளைந்து இருந்தது. சித்தி அதை உற்றுப் பார்த்துவிட்டு, ரத்தப் பஞ்சைக் கடித்தபடியே சிரித்தாள்.

ரங்கூன் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தப்பு. விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் தெருவில் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்து, வாசலிலேயே நின்று, "மெல்ல வேண்டாம், அப்படியே முழுங்கலாம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தப்பா ஆவணியில் வந்து சித்தியைக் கூட்டிப்போனார். கொச்சியில் நாலு பிள்ளைகள் பெற்று, மலையாளமும் தமிழும் பேசி, மிச்சமிருந்த பல்லையெல்லாம் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தாள். டாக்டர் சாரல் முடிந்ததும் மதுரைக்குப் போனார் என்றும், யுத்தம் முடிந்ததும் ரங்கூனுக்கே திரும்பிவிட்டார் என்றும் ராவுத்தர் சொன்னார். டாக்டர் குற்றாலத்திலிருந்து புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்போது சித்தப்பா இன்னும் வந்திருக்கவில்லை, அப்பா அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார்.

அப்பாவே குற்றாலம் போய்க் கூட்டிவந்தார். பட்டப்பகலில், ரத வீதி வழியாக, அவரோடு சேர்ந்து நடந்து வந்தார். ஜன்னல்கள் திறந்தன. 'ஜப்பான்காரன்' என்று யாரோ சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது. அப்பா நடையை மாற்றவில்லை.

டாக்டர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பாரைச் சோற்றோடு பிசையச் சித்தி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ரங்கூனைப் பற்றியோ, பல்லைப் பற்றியோ, எங்களைப் பற்றியோ, தெரியாது. ராவுத்தர் அன்றைக்கு வரவில்லை. வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை.

"என்ன பேசுதாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பேசட்டும்ட்டி" என்றாள் அம்மா. "எத்தன நாளாச்சி அவ பேசி."

டாக்டர் இலையில் சோறு தீர்ந்தது. அப்பா அதைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுவது அப்போதெல்லாம் வழக்கமில்லை. இத்தனை நாளில் அப்பா அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுக் கேட்டார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளும்மா."

சித்தி சோறு என்ற சொல்லைப் பிடித்தாளா, அப்பாவின் கண் போன திசையைப் பிடித்தாளா, தெரியாது. டாக்டர் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சித்தி அப்பாவைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"வேணுமாம்."

அம்மாவின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது. வேணும் என்ற சொல் அவளுக்குப் பழகியிருக்கலாம். அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது? அதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் சொன்னதை வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிறவர்கள் சேர்க்கிற 'ஆம்' அது. சித்தி அதைச் சரியாகச் சேர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா சோற்றை அள்ளி வைத்தாள். "போதுமான்னு கேளு" என்றாள்.